பாரிஸ் கார்னியே அரங்கு: டிக்கெட் எடுக்கும் முன்

1875-ல் திறந்த இந்த ஓபரா அரங்கில் ஏறக்குறைய 2,000 இருக்கைகள். அத்தனையிலிருந்தும் மேடை தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். குதிரை லாட வடிவ அரங்கு என்பதால் பக்கவாட்டுப் பாக்ஸ்கள் (சில இருக்கைகள் மட்டும் கொண்ட தனித் தடுப்புகள்) மேடையைப் பார்ப்பதைவிட எதிர் பாக்ஸைத்தான் அதிகம் பார்க்கின்றன. அங்கே முன்வரிசை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பின்வரிசை என்றால் பாதி நேரம் எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். விலை மலிவாக இருப்பதற்குக் காரணமே அது. நேர் எதிரே மேல்மாடியில் மேடை தூரம், ஆனால் முழுதாகத் தெரியும். நடனத்துக்கு என் ஓட்டு அதற்கே.

பகலில் சுற்றிப்பார்க்க மட்டும் போகிறவர்கள் முன்படிக்கட்டில் காத்து நிற்க வேண்டாம். அதற்கான வாசல் ஸ்க்ரிப், ஓபேர் தெருக்கள் சேரும் மூலையில். ஒத்திகை நாட்களில் அரங்கின் உள்ளே விடமாட்டார்கள். பளிங்குப் படிக்கட்டும் 54 மீட்டர் நீளக் கூடமும்தான் மிச்சம். 1964-ல் ஷகால் வரைந்த கூரை ஓவியமும் 7 டன் சரவிளக்கும் அரங்குக்குள் இருப்பவை, ஆகவே தேதியைச் சரிபார்த்தே வாங்குங்கள். அந்த ஓவியத்தின் அடியில் பழைய கூரை ஓவியம் இன்னும் அப்படியே இருக்கிறது. மெட்ரோ 3, 7, 8 தடங்கள் 'ஒபேரா' நிலையத்தில் வாசலருகே இறக்கிவிடும்.