பெண் குழந்தைக்கு அரசு வைப்புத்தொகையா, செல்வமகளா, பிபிஎஃப்பா?

பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களில் ஒருவராவது "போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல யோசனைதான். ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் குறைந்த வருமானக் குடும்பம் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தை. செல்வமகளில் சேரக் குழந்தைக்கு 10 வயது ஆகும்வரை அவகாசம் உண்டு. இந்தத் திட்டத்துக்கு 3 வயதுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

1992-இல் தொடங்கிய திட்டம் இது. ஒரே பெண் குழந்தை என்றால் அவள் பெயரில் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் தலா 25,000 ரூபாய். இந்தத் தொகையை தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் அரசே வைப்பாகப் போட்டு, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். 18 வயது நிறைந்ததும் வட்டியோடு பெண்ணுக்கே கிடைக்கும். பெற்றோர் கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டியதில்லை. செல்வமகளும், பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியும் நம் பணத்துக்கு வட்டி தருபவை. இதில் அசலே அரசுடையது. அதனால் தகுதி இருப்பவர்கள் வட்டி விகிதத்தை ஒப்பிட்டுக் கொண்டிருக்கவே தேவையில்லை, முதலில் இதற்கு எழுதிப் போட வேண்டும்.

தகுதிதான் கடினம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் அந்த 3 வயது வரம்புக்கு இரண்டாவது குழந்தையின் வயதுதான் கணக்கு. ஒரு பெண்ணும் ஒரு பையனும் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு இதில் இடமே இல்லை. அந்தப் பெண் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு கிடைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பரிசீலிப்பது சமூக நலத்துறை. பிறப்புச் சான்று, பெற்றோரின் வயதுச் சான்று, அறுவை சிகிச்சைச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று, குடும்பப் புகைப்படம் இவையெல்லாம் வேண்டும். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் வருவாய்த்துறைச் சான்றுகளில்தான். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கைமாறி வருவதற்குள் குழந்தைக்கு 3 வயது தாண்டிவிடும். இரண்டு வயதிலேயே இந்தச் சான்றுகளுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

அடுத்த சிக்கல் முதிர்வின்போது வரும். வைப்புப் பத்திரத்தில் 'ர. கவிதா', பள்ளிச் சான்றிதழில் 'கவிதாஸ்ரீ ர' என்று இருந்தால் பணம் நிற்கும். பள்ளியில் சேர்க்கும் அன்றே பத்திரத்தையும் பிறப்புச் சான்றையும் எடுத்துப் போய், எழுத்துக்கு எழுத்து அதே பெயரைப் பதியச் சொல்லுங்கள். முழுப் பலனும் கிடைக்க அவள் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும், 18 வரை திருமணம் ஆகியிருக்கக்கூடாது. மூன்று திட்டங்களில் பெண்ணின் படிப்பைப் பணத்தோடு நேரடியாகக் கட்டிவைத்திருப்பது இது ஒன்றுதான்.

இனி நம் பணத்தைப் போடும் இரண்டு வழிகள்.

செல்வமகள் சேமிப்புக் கணக்கு 2015 ஜனவரியில் வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டு கட்ட வேண்டும், கணக்கு தொடங்கி 21 ஆண்டில் முதிரும். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதமானது. பிபிஎஃப்பில் 2020 ஏப்ரலில் 7.1 ஆனது. இரண்டையும் மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கும். இரண்டிலும் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வருமான வரி கிடையாது.

இந்த ஒரு சதவீதச் சொச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 ரூபாயை ஒவ்வோர் ஏப்ரல் தொடக்கத்திலும் 15 ஆண்டு கட்டினால், மேற்சொன்ன வட்டி மாறாதிருந்தால், 21-ஆம் ஆண்டு முடிவில் செல்வமகளில் சுமார் 5.74 லட்சம் சேரும். அதே பணம் பிபிஎஃப்பில் 15 ஆண்டு முடிவில் சுமார் 3.25 லட்சம், மேற்கொண்டு கட்டாமல் 21 ஆண்டு வரை விட்டுவைத்தால் சுமார் 4.91 லட்சம். கட்டிய 1.8 லட்சத்துக்கு 80,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

மாதம் 5-ஆம் தேதியை மறக்காதீர்கள். 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் இரண்டிலும் வட்டி. 6-ஆம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவர்கள் முந்தைய மாதச் சம்பளத்திலிருந்தே எடுத்து வைத்து 1-ஆம் தேதி கட்டலாம்.

"பிபிஎஃப்பில் ஏழாவது ஆண்டிலேயே எடுக்கலாமே" என்பார்கள். எடுக்கலாம், ஆனால் முந்தைய ஆண்டு இறுதி இருப்பு, நான்கு ஆண்டுக்கு முந்தைய இருப்பு இரண்டில் எது குறைவோ அதில் பாதிதான் கிடைக்கும். செல்வமகளில் பெண்ணுக்கு 18 ஆனாலோ 10-ஆம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதிவரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்ட வேண்டும். கல்லூரிச் செலவுக்கு என்றால் அங்கேயும் செல்வமகளே மேல்.

பிபிஎஃப் ஜெயிக்கும் இடம் வேறு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை அதன்மேல் கடன் வாங்கலாம். செல்வமகளில் கடனே கிடையாது. திடீர்ச் செலவுக்கு வேறு கையிருப்பு இல்லாத வீடு முழுச் சேமிப்பையும் செல்வமகளில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கடைக்குப் போவது சரியில்லை. பையன்களுக்கும் பிபிஎஃப்தான் வழி. தமிழக அஞ்சல் துறை 'பொன்மகன்' என்று சொல்வதும் பிபிஎஃப்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பிபிஎஃப்பில் பெற்றோர் தன் கணக்கிலும் குழந்தை கணக்கிலும் கட்டுவது இரண்டும் சேர்த்தே 1.5 லட்சம்தான். செல்வமகளின் 1.5 லட்சம் இதில் சேராது.

செல்வமகளில் ஒரு வருடம் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம். விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 250 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டினால் கணக்கு மறுபடி உயிர்பெறும். தாத்தா பாட்டி ஆசையாகத் தொடங்கிய கணக்குகள்தான் தலைவலி. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ மட்டுமே தொடங்க முடியும் என்பதால், பழைய கணக்குகளையும் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் நடைமுறைக்கு வந்தது. இன்னும் மாற்றாதவர்கள் பாஸ்புக், பிறப்புச் சான்று, பெற்றோரின் ஆதார், பான் எடுத்துக்கொண்டு கணக்கு இருக்கும் கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

9 வயதில் தொடங்கினால் முதிர்வு அவளுடைய 30-ஆம் வயதில். 18-க்கு மேல் கல்யாணத்துக்காக முன்கூட்டி முடிக்கலாம். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான் அந்த விண்ணப்பத்தை ஏற்பார்கள். 18 ஆனதும் கணக்கு அவள் கைக்குப் போய்விடும், கையெழுத்தும் அவளுடையதுதான்.