தெற்கு ஜார்ஜியா கப்பல் பயணம்: கெடுபிடிக்கு முழு மதிப்பெண், விளம்பரத்துக்கு இல்லை

அர்ஜென்டினாவின் தென்கோடி நகரான உஷுவாயாவிலிருந்து பாக்லாந்து வழியாக, தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்குச் செல்லும் சிறு கப்பல்களில் ஒன்றில் கடந்த டிசம்பரில் சென்று வந்தேன். அறையிலும் உணவிலும் குறையில்லை. ஆனால், நிரந்தரக் குடிகள் இல்லாத அந்தத் தீவில் பயணிகளை எவ்வளவு கண்டிப்புடன் இறக்குகிறார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிட வேண்டும்.

வெளியிடத்து உயிரினம் எதுவும் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதால், தீவை நெருங்குமுன் ஒரு பிற்பகல் முழுவதும் எங்கள் உடைகளையும் காலணிகளையும் சோதிப்பதிலேயே கழிந்தது. வெல்க்ரோ பட்டையில் சிக்கிய புல்விதைகளை வழிகாட்டிகள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். காலணிகளின் அடிப்பகுதியைக் கழுவவைத்தார்கள். தீவின் கிரிட்விக்கன் துறைமுகத்தில் அரசு அலுவலர்கள் கப்பலேறி மறுபடியும் பார்த்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள் என்றாலும், இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. சீல் எனப்படும் கடல்நாய்களை வேட்டையாடிய கப்பல்களில் வந்த எலிகள் தரையிலும் வளைகளிலும் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. எலிக் கூட்டங்களைப் பிரித்து வைத்திருந்த பனியாறுகள் பின்வாங்கத் தொடங்கியதால், அவை ஒன்றுகலக்குமுன் ஒழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011 முதல் 2015 வரை மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டர்களிலிருந்து 300 டன்னுக்கும் மேற்பட்ட நச்சு இரையைத் தூவியது. 2018இல் தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது. சினையாக இருக்கும் ஓர் எலி கரையேறினாலே அத்தனையும் வீண். கிரிட்விக்கனின் பழைய திமிங்கல ஆலைக்கருகே, வேறெங்கும் இல்லாத பிப்பிட் பறவை பாடியதைக் கேட்டபோது முணுமுணுத்தவர்களும் நின்று கேட்டார்கள்.

ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் அனுமதியில்லை. இரவில் ஜன்னல் திரைகளை முழுவதும் மூடச் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் திகைக்கும் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் கப்பல் தளத்தில் வந்து மோதிவிடும். 2023இல் பறவைக் காய்ச்சல் வந்தபிறகு தரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் நெடுநேரம் நிற்கத் தயாராக வர வேண்டும்.

குறை ஒன்றுதான், ஆனால் சிறியதல்ல. அலைந்துதிரியும் ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையைப் பெரிய படமாகப் போட்டு விற்ற விளம்பரத்தில், அது கூடுகட்டும் பிரையன் தீவு நவம்பர் 20 முதல் ஜனவரி 7 வரை மூடப்பட்டிருக்கும் என்ற தகவல் இல்லை. உரோமச் சீல்கள் கரையில் குட்டி ஈனும் காலம் அது, மூடுவது சரிதான். அதைப் பணம் கட்டுமுன் சொல்லியிருக்க வேண்டும். கப்பலின் பின்னால் பறந்துவந்த ஆல்பட்ராஸ்களைத் தளத்திலிருந்து பார்த்ததோடு சரி. கூட்டில் அமர்ந்திருப்பதைக் காண விரும்புவோர் ஜனவரி நடுப்பகுதிக்குப் பின் புறப்படும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதும், பிரையன் தீவு பயணத்திட்டத்தில் உள்ளதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதும் நல்லது.