கருப்பட்டியா, சீனித்துளசியா, மாத்திரையா? சீனிக்குப் பதிலாக எதைப் போடுவது?

வெள்ளைச் சீனியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் பக்கம். இன்னொன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் குட்டி டப்பா மாத்திரை பக்கம். முதல் கட்சிக்கு மாத்திரை என்றால் "கெமிக்கல்", இரண்டாவது கட்சிக்குக் கருப்பட்டி என்றால் சும்மா பழம்பெருமை. என்னைக் கேட்டால் இயற்கை, செயற்கை என்று பிரிப்பதிலேயே கோளாறு இருக்கிறது. சுகர் உள்ளவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுமா ஏற்றாதா என்பதுதான்.

அப்படிக் கேட்டால் கருப்பட்டிக் கட்சி உடனே தோற்றுவிடும். பதநீரைக் காய்ச்சினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சினாலும் கடைசியில் சட்டியில் நிற்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே சங்கதி. 100 கிராம் சீனியில் 390 கலோரி அளவுக்கு இருக்கிறது என்றால் வெல்லத்திலும் 380 வாக்கில் இருக்கிறது, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் வருவது சொற்பம், அதற்கு முருங்கைக்கீரை தின்னலாம். "கருப்பட்டிதானே, சுகர் ஏறாது" என்று இரண்டு கட்டி கூடுதலாகப் போட்டுக் குடிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஆனால் ருசி என்று வந்தால் கதையே வேறு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடி கருப்பட்டியில், நல்லதாகக் கிடைத்தால், லேசான புகைவாசமும் அடித்தொண்டையில் நிற்கும் ஒரு கார்ப்பும் இருக்கும், எந்த மாத்திரையும் அதைத் தராது. நல்லதாகக் கிடைத்தால் என்று சொல்வதற்குக் காரணம், சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது, அதைச் சீனியை விட அதிக விலை கொடுத்து வேறு வாங்குகிறோம். (வெல்லத்தையோ கருப்பட்டியையோ பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும், அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் இறங்கிய பிறகு கலக்குங்கள்.)

தேனும் இதே வகைதான். ஒரு டீஸ்பூன் சீனியில் 16 கலோரி, ஒரு டீஸ்பூன் தேனில் 21, ஏனென்றால் தேன் கனம். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்பதால் குறைவாக ஊற்றினால் சரி, யார் குறைவாக ஊற்றுகிறார்கள்? ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தொட்டு வைக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

அடுத்து மாத்திரைக் கட்சி. 1879இல் நிலக்கரித் தார் ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்த சாக்கரின்தான் இதில் மூத்தது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது என்று அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் போட வைத்தார்கள், மனிதர்களுக்கு அது பொருந்தாது என்று தெரிந்த பிறகு 2000இல் எடுத்துவிட்டார்கள். டயட் சோடாக்களில் போடும் அஸ்பார்டேமை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்ததும் வாட்ஸ்அப்பே அலறியது. அதே நாளில் வந்த இன்னொரு முடிவை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை: உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பு மாறவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 கேன் டயட் சோடா குடிக்க வேண்டும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது. சுக்ரலோஸ் சீனியிலிருந்தே செய்வது, குளோரின் ஏற்றி 600 மடங்கு இனிப்பாக்கியது. டீக்கு நல்லது. ஓவனில் 120 டிகிரிக்கு மேல் போகும் கேக்குக்கு நான் போட மாட்டேன், அந்தச் சூட்டில் வேண்டாத குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்கிறார்கள்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பது சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா. பராகுவே பக்கத்துச் செடி, அங்கே குவாரானி மக்கள் காலங்காலமாக மேட்டே என்ற டீ மாதிரியான பானத்தில் போடும் இலை. குளுக்கோஸை ஏற்றாது, கலோரி இல்லை, செடியிலிருந்து வருகிறது, ஆகவே எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும். குடித்து முடித்த பிறகு அதிமதுரம் மென்றது போல ஒரு கசப்பு வாயிலேயே தங்கும், அதுதான் தொல்லை. எலுமிச்சை ஜூஸில் அது அமுங்கிவிடும், ஃபில்டர் காபியில் துருத்திக்கொண்டு நிற்கும். இன்னொன்று, பாக்கெட்டில் வருவது இலைப்பொடி அல்ல, சுத்திகரித்த சாறு. அளவு கூட்டுவதற்கு டெக்ஸ்ட்ரோஸோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருக்கலாம், இரண்டுமே குளுக்கோஸை ஏற்றுபவை, பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உடம்பைக் குறைக்கத்தான் மாற்று தேடுகிறீர்கள் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது உங்களுக்குத்தான்: எடைக் கட்டுப்பாட்டுக்கு இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம். ஸ்டீவியாவும் அதில் அடக்கம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே சுகர் உள்ளவருக்கு தினசரி டீ, காபிக்கு என் ஓட்டு சுக்ரலோஸ் மாத்திரைக்கு. கசப்பு பொறுக்கும் என்றால் ஸ்டீவியா. சுகர் இல்லாதவர் இரண்டையும் வாங்க வேண்டாம், சீனியை அரை ஸ்பூன் ஆக்கினாலே போதும். பொங்கலுக்கும் அதிரசத்துக்கும் வெல்லம்தான். சுக்ரலோஸை வைத்துக்கொண்டு பாகு காய்ச்சிப் பாருங்கள், எந்தப் பதமும் வராது. அப்புறம் அந்த "சுகர் ஃப்ரீ" மைசூர்பாகு: சீனி இல்லையே தவிர கடலைமாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கின்றன, மால்ட்டிட்டால் என்ற இனிப்பூட்டி போட்டிருந்தால் நாலு துண்டுக்கு மேல் வயிறு கலக்கவும் செய்யும்.