ஆன்சிபிள்: உள்ள நுழையறது ஈஸி, பிளேபுக் எழுதறதுலதான் இருக்கு சங்கதி

பத்து சர்வரோ நூறு சர்வரோ, எல்லாத்துலயும் ஒரே வெர்ஷன் ஏத்தணும், கான்ஃபிக் ஃபைலும் பிசகாம இருக்கணும்னா நான் முதல்ல கை வைக்கறது ஆன்சிபிள்ங்கற டூல்லதான்; என்ன வேணும்னு எழுதிக் குடுத்தா எல்லா சர்வர்லயும் அதுவே செஞ்சிடும். 2012ல மைக்கேல் டெஹான் ஆரம்பிச்சது, 2015ல ரெட் ஹேட் வாங்கிடுச்சு, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. அஞ்சுக்கு நாலு தாராளமா குடுப்பேன்.

பிடிச்சது என்னன்னா ஏஜென்ட்ங்கற கூடுதல் புரோகிராம் தொல்லை இல்ல. பப்பெட்ங்கற இன்னொரு டூல் மாதிரி ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு ஆளை குடி வெக்க வேண்டாம், எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையற வழி) இருக்கா, பைத்தான் இருக்கா, போதும். யாமல்ங்கற ஃபார்மேட்ல பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளோட பட்டியல்) எழுதி ஓட்டிட வேண்டியதுதான். ஆனா இந்த யாமல் இருக்கே, சரியான வில்லங்கம் புடிச்சது! ஃபைல் பர்மிஷன் 644ன்னு கொட்டேஷன் மார்க் போடாம, முன்னாடி சைபரும் இல்லாம மொட்டையா எழுதினீங்கன்னா அதை சாதா எண்ணா எடுத்துக்கும், சர்வர்ல போய் பாத்தா 1204ன்னு உக்காந்திருக்கும். எர்ரர் எதுவும் வராது. கொட்டேஷனுக்குள்ள '0644'ன்னு போட்டு பழகிக்கோங்க.

நிஜமான தலைவலி வேரியபிளை எங்க வெக்கறதுங்கறதுதான். ஒரே பேர்ல ரெண்டு இடத்துல மதிப்பு இருந்தா எது ஜெயிக்கும்னு டாகுமென்டேஷன்ல 22 படி போட்டிருக்காங்க, அதை மனப்பாடம் பண்ண யாராலயும் முடியாது, பண்ணவும் வேண்டாம். ரோலுக்குள்ள (ஒரு வேலைக்கான டாஸ்க், ஃபைல் எல்லாம் சேர்ந்த கட்டு) மாத்தக்கூடிய மதிப்பெல்லாம் டிஃபால்ட்ஸ் ஃபோல்டர்ல வைங்க, கிளஸ்டருக்கு கிளஸ்டர் (ஒண்ணா வேலை செய்யற சர்வர் கூட்டம்) மாறறது குரூப் வார்ஸ்ங்கற ஃபோல்டர்ல, அவ்ளோதான். அதே ரோலோட வார்ஸ் ஃபோல்டர்ல வெச்சீங்கன்னா குரூப் வார்ஸ்ல என்ன மாத்தினாலும் எடுபடாது, புதுசா சேர்ற பசங்க பாதி நாள் உக்காந்து தேடறது இதைத்தான்.

அடுத்து சீரியல், அதாவது எத்தனை எத்தனை மெஷினா பிரிச்சு ஓட்டணும்னு சொல்ற செட்டிங். இதை போடலன்னா டிபிளாய்மென்ட் பாதில சொதப்பும்போது கிளஸ்டர் மொத்தமும் சேர்ந்து அதே நிலைமைல நிக்கும், ஏன்னா ஆன்சிபிள் ஒரு டாஸ்கை எல்லா மெஷின்லயும் முடிச்சிட்டுத்தான் அடுத்த டாஸ்குக்கே போகும். சீரியலுக்கு லிஸ்ட்டா குடுக்கலாம், முதல்ல 1, அப்புறம் 5, அப்புறம் 20%ன்னு, முதல் மெஷின் புட்டுக்கிச்சுன்னா மத்ததை தொடாம அங்கயே நின்னுடும். இந்த ஒரு விஷயத்துக்கே கும்புடு போடலாம். டெம்ப்ளேட் மாட்யூல்ல (ஃபைலை நிரப்பி சர்வர்ல வெக்கற ரெடிமேட் வேலை) வேலிடேட்னு ஒண்ணு இருக்கு, சூடோயர்ஸ் (யாருக்கு அட்மின் உரிமைன்னு சொல்றது) மாதிரி ஃபைலை விசூடோ கமாண்ட் வெச்சு செக் பண்ணி சரியா இருந்தாத்தான் இடத்துல வெக்கும், அதையும் விட்டுடாதீங்க.

எதையும் மாத்தாம ஓட்டிப் பாக்கற செக் மோட் பேருக்குத்தான் ஒத்திகை. ஷெல் டாஸ்க் (நேரா கமாண்ட் அடிக்கறது) எல்லாத்தையும் அது தாண்டிப் போயிடும், அதோட ரிசல்ட்டை நம்பி இருக்கற அடுத்த டாஸ்க் சம்பந்தமே இல்லாத எர்ரர் குடுக்கும். ஷெல்லை கம்மி பண்ணி மாட்யூல்லயே எழுதறதுதான் வழி. ஸ்லோன்னு சொல்றவங்க முதல்ல ஃபோர்க்ஸை (ஒரே சமயத்துல எத்தனை மெஷின்ல வேலை நடக்கணும்ங்கறது) பாருங்க, டிஃபால்ட் வெறும் 5தான்.

மீதி ஒரு மார்க்கை ஏன் குறைச்சேன்னா, இதுக்கு ஞாபகமே கிடையாது. பிளேபுக்ல ஒரு கிரான் டாஸ்கை (நேரத்துக்கு தானா ஓடற வேலை) எழுதி ஓட்டிட்டு அடுத்த மாசம் அந்த வரியை அழிச்சிட்டீங்கன்னு வைங்க, சர்வர்ல அந்த கிரான் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். எடுக்கணும்னா ஸ்டேட் ஆப்சென்ட்னு மாத்தி எல்லா மெஷின்லயும் ஒரு ரவுண்டு ஓட்டணும், அதுக்கப்புறம்தான் வரியை அழிக்கணும். எதை உருவாக்கினோம்னு ஞாபகம் வெச்சுக்கற டெர்ராஃபார்ம்ல இருந்து வர்றவங்களுக்கு இது சுத்தமா பிடிக்காது. நாங்க ரோலுக்கு ஒரு கிளீனப் ஃபைல் தனியா வெச்சு, எதை எப்ப எடுத்தோம்னு கமென்ட் போட்டு ஓட்டிட்டு இருக்கோம், பழைய மெஷின் ஏதாவது டவுனா இருந்து திரும்ப வந்தாலும் அது பாத்துக்கும்.