எரிமலை பாக்ஸ்: கல்லெல்லாம் சூப்பர், புக்லெட்ல மட்டும் ஒரு பெரிய தப்பு

எட்டாவது படிக்கிற எம் பொண்ணுக்காக போன மாசம் மும்பை மாட்டுங்கால ஒரு கடைல இந்த எரிமலை பாக்ஸ் வாங்கினேன், 1450 ரூபா. வினிகர் சோடா ஊத்தி நுரை பொங்க வைக்கிற டைப் இல்ல, அதனாலயே எனக்குப் பிடிச்சுது. உள்ள பசால்ட், ஆண்டிசைட், ரயோலைட், அப்சிடியன், ப்யூமிஸ்னு அஞ்சு எரிமலைக் கல்லு, ஒரு லென்ஸ், ஒரு புக்லெட்.

கல்லெல்லாம் ஒரிஜினல். ப்யூமிஸ தண்ணில போட்டா மிதக்குது, லென்ஸ் வச்சுப் பாத்தா ஆப்பம் மாதிரி உடம்பு பூரா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு காலத்துல கேஸ் குமிழியா இருந்தது. பசால்ட் துண்டு கருப்பா நல்ல கனம். ஞாயித்துக்கிழமை அத எடுத்துக்கிட்டு அந்தேரி கில்பர்ட் ஹில்லுக்கே போயிட்டோம், கிட்டத்தட்ட 60 மீட்டருக்கு தூண் தூணா நிக்குறதும் அதே பசால்ட் தான், சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி வந்த லாவா ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டு அப்படி ஆனது. எம்பொண்ணு கைல இருக்குற துண்டையும் மலையையும் மாத்தி மாத்தி பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

புக்லெட்ல சிலிக்கா, அதாவது மணல்ல இருக்குற அதே பொருள், அது பத்தின பகுதிதான் உசுரு. மாக்மான்னா பூமிக்கு அடியில உருகிக் கிடக்குற பாறை. பசால்ட் மாக்மால சிலிக்கா 50 சதவீதம் பக்கம், சூடு 1100, 1200 டிகிரி, அதனால இளக்கமா ஓடும், கேஸும் சுலபமா வெளிய போயிடும், ஹவாய்ல இருக்குற கிலவேயா எரிமலை பெரும்பாலும் அப்படித்தான். ரயோலைட்ல சிலிக்கா 70 சதவீதத்த தாண்டும், சூடும் கம்மி, அவ்வளவு கெட்டில கேஸ் மாட்டிக்கிட்டு அழுத்தம் ஏறும். இத வீட்லயே செஞ்சு பாக்க சொல்லிருக்காங்க, ஸ்ட்ரா வச்சு முதல்ல தண்ணில ஊதணும், அப்புறம் கெட்டியா காய்ச்சின கேப்பங்கூழ்ல. கூழ்ல ஊதினா கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல, அப்புறம் பெருசா ஒரு குமிழி எழும்பி டப்புனு வெடிச்சு எம்பொண்ணு கன்னம் வரைக்கும் தெறிச்சுது. நான் ஸ்கூல்ல படிச்சப்ப இப்படி ஒருத்தர் காட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

எரிமலையால வர்ற நிலநடுக்கத்துக்கு உதாரணமா பிலிப்பைன்ஸ்ல 1991ல வெடிச்ச பினதுபோ எரிமலைய எடுத்திருக்காங்க, நல்ல தேர்வு. அங்க இருந்தது டேசைட் மாக்மா, கெட்டி ரகம், அடியில இருந்து சூடான பசால்ட் புதுசா வந்து அதுல கலந்து கிளப்பி விட்டுருச்சு. மார்ச்லயே சின்ன சின்ன அதிர்வு ஆரம்பம், ஜூன் 15ல பெரிய வெடிப்பு. மாக்மா மேல ஏற வழி தேடி பாறைய உடைக்கும்போது பட்டுனு வெட்டுற மாதிரி அதிர்வு வரும், மாக்மாவோ கேஸோ விரிசலுக்குள்ள நகரும்போது நீளமா உறுமுற மாதிரி வரும், இந்த ரெண்டாவது ரகம் கூடினா விஞ்ஞானிங்க உஷாராயிடுவாங்க. அங்க அப்படி கவனிச்சு முன்கூட்டியே ஜனங்கள வெளியேத்தினதால ஆயிரக்கணக்கான உசுரு தப்புச்சு.

இப்ப குறை. கடைசி பக்கத்துல மகாராஷ்டிரால 1967ல வந்த கொய்னா நிலநடுக்கத்த எரிமலையால வந்ததுன்னு போட்டிருக்காங்க, அது சுத்தத் தப்பு. எங்க ஆச்சி அப்ப தாராவில இருந்தாங்க, டிசம்பர் 11 விடியக்காலம் அலமாரில இருந்த பித்தளச் செம்பெல்லாம் உருண்டு விழுந்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. பாக்ஸ்ல அத படிச்சுட்டு எம்பொண்ணு “ஆச்சி, அப்ப நம்ம அடியில எரிமலை இருக்கா?”ன்னு பயந்துட்டா. அங்க பாறை பசால்ட் தான், ஆனா அது எப்பவோ ஆறிப்போன லாவா, கீழ மாக்மா எதுவும் ஏறி வரல. கொய்னா அணைல தேங்குன தண்ணி அடில இருந்த பிளவுக்குள்ள அழுத்தம் குடுத்துதான் அது தூண்டுச்சு. உசுர் போன ஒரு விஷயத்த இவ்ளோ அலட்சியமாவா அச்சடிக்கிறது? ஆண்டிசைட், ரயோலைட் ஸ்டிக்கரும் இடம் மாறி ஒட்டிருக்கு, வெளிர் நிறமா இருக்குறதுதான் ரயோலைட். கடைக்காரருக்கு ரெண்டையும் எழுதி அனுப்பிருக்கேன், இன்னும் பதில் வரல.

கல்லுக்கும் கூழ் சோதனைக்கும் அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். வாங்குறவங்க கடைசி பக்கத்த பேனாவால திருத்திட்டு பிள்ளைங்க கைல குடுங்க.