‘சீல் உடைக்காத பெட்டி’ என்று 4,800 ரேண்ட் பறித்த ஹாபி கடை: டர்பன் பக்கம் மாடல் கார் கிட் வாங்குபவர்கள் ஜாக்கிரதை

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் “போனது போகட்டும்” என்று விட்டுவிடுவோம், அவனும் அடுத்த ஆளைப் பிடித்துவிடுவான். போனது 4,800 ரேண்ட். கூரியர் கூலி 120 தனி. பழைய கிட் வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகத் தருகிறேன். முதலில் வந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைக் கேளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. மாலுக்குள் ஒரு சின்னக் கவுண்டர், மீதி வியாபாரமெல்லாம் வலைத்தளத்திலும் வாட்ஸ்அப்பிலும். அந்த ரகம்.

பொருள்: ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 1/12 அளவு ஹோண்டா ஆர்ஏ273 பந்தயக் கார் கிட், பாகங்களை நாமே ஒட்டிச் சேர்ப்பது. அந்த நிறுவனம் 1/12 அளவில் போட்ட ஃபார்முலா ஒன் வரிசைக்கே இதுதான் பிள்ளையார் சுழி, 1967இல் வந்தது. பிறகு மறுபதிப்புகளும் வந்தன. தென்னாப்பிரிக்காவில் இந்தக் காருக்குத் தனி மவுசு உண்டு. 1967 ஜனவரி 2, ஜோகன்னஸ்பர்க் பக்கம் கியாலாமி பந்தயத் தடத்தில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ. ஹோண்டாவுக்காக ஜான் சர்டீஸ் ஓட்டிய முதல் பந்தயம் அது, இதே காரில் மூன்றாவதாக வந்தார். பெட்ரோ ரோட்ரிகெஸ் முதலிடம். பழைய நாலு சிலிண்டர் கூப்பர் காரை வைத்துக்கொண்டு முன்னணியில் ஓடிய ரொடீஷியாக்காரர் ஜான் லவ், முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது பெட்ரோல் போட நின்றதால் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். இந்தக் கதை தெரிந்தவனுக்கு அந்த வெள்ளைக் கார், மூக்கில் சிவப்பு வட்டம், பின்னால் வி12 இன்ஜின் என்றாலே கை அரிக்கும். கடைக்காரனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அவன் ஆளைச் சாய்த்த விதம்தான் முக்கியம். விசாரித்து ஆங்கிலத்தில் அனுப்பிய செய்திக்குத் தமிழில் பதில் வந்தது. “வணக்கம் அண்ணே, நம்ம ஆளுன்னு தெரியுது, உங்களுக்குன்னா விலை குறைச்சுத் தரேன்.” டர்பனில் கடையில் நின்று தமிழில் வியாபாரம் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? வீட்டிலேயே பேச்சு குறைந்துபோன ஊர் இது. அந்த இரண்டு வரி போதும், மனசு இளகிவிடும். அதன் மேல் இன்னொரு பூச்சு: “இது கியாலாமில அந்த ரேஸை நேர்ல பார்த்த ஒரு பெரியவரோட சேகரிப்பு அண்ணே. அவர் காலமாயிட்டாரு. பெட்டியைத் திறந்ததே இல்லை.”

உள்பைகளைப் படம் எடுத்து அனுப்பு தம்பி என்று கேட்டதற்கு வந்த பதிலைப் பாருங்கள். “சீல் உடைஞ்சா மதிப்பு போயிடும் அண்ணே, உங்களுக்குத் தெரியாததா?” கேட்க நியாயமாகவே இருந்தது. சேகரிப்பாளர்கள் நிஜமாகவே இப்படித்தான் பேசுவார்கள். மூடியின் மேற்புறத்துக்கும் ஒரு பக்கத்துக்கும் மட்டும் படம் வந்தது. 4,800 ரேண்ட் உடனடி இஎஃப்டியில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றத்தில், போயிற்று.

வந்த பெட்டியின் மேல் நெகிழி உறை பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. உறைக்கு அடியில், மூடியின் வலது மூலையில், பாதி கிழிந்த விலைச் சீட்டு. பசை பழுப்பேறி, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. உறை ஒரு நாளும் பிரியாமல் இருந்திருந்தால் அந்தப் பசையில் தூசி எப்படி ஏறும்? மூலை நசுங்கியிருக்கிறது, மேலே உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஹீட் கன் வைத்திருப்பவன் எவனும் இந்த உறையை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவான். வெளியுறை எதற்கும் சான்று இல்லை. உள்ளே இருக்கும் பைகளின் வாய் தொழிற்சாலையில் சூடுவைத்து ஒட்டியபடியே இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இதில் மூன்று பைகளின் வாய் ஸ்டேப்ளர் பின்னால் மூடியிருந்தது.

டயர்கள் தனிப் பையில் இல்லை. சக்கர ரிம்களோடும் அடித்தட்டோடும் சேர்ந்து கிடந்தன. பழைய கிட்டுகளில் எமன் இதுதான். டயர் மென்மையாக இருப்பதற்காக அதில் கலக்கும் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் வருடக்கணக்கில் கசிந்து, ஒட்டியிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ரப்பர் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் உருகி, டயரின் கோடுகள் அச்சாகவே பதிந்திருந்தன. அடித்தட்டில் அந்தத் தழும்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம். தட்டையான இடத்தைச் சரிசெய்யலாம்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து, இருகலவை எபாக்சி புட்டி வைத்து, இறுகியபின் 400, 800, 1200 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்க்க வேண்டும். துடைக்காமல் விட்டால் மேலே அடிக்கும் பெயின்ட் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ரிம்மில் மெல்லிய நுணுக்க வேலை இருக்கிறதே, அது கரைந்தால் புட்டியால் ஒன்றும் ஆகாது. கெடாத ரிம்மைச் சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் வார்க்க வேண்டும். முன் ரிம் இரண்டுமே போயிருந்ததால் அச்செடுக்கவும் வழியில்லை.

காரின் உடல் மேல்மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. தகரக் கூரைக்கடியில், கார் டிக்கியில், சூடான இடத்தில் கிடந்த பெட்டி. இது பெரிய குறை இல்லை. 60 டிகிரி சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, மெதுவாக வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விட்டால் பெரும்பாலும் நிமிரும். கொதிக்கும் நீரில் போட்டால் மொத்தமும் சுருண்டுவிடும்.

டிகால் தாள், அதாவது நீரில் நனைத்துக் காரில் ஒட்டும் படங்களின் தாள், தேநீர் நிறத்தில் இருந்தது. வேறு நிறக் கார் என்றால் சமாளிக்கலாம், இது வெள்ளைக் கார். படத்தைச் சுற்றியிருக்கும் தெளிவான படலம் மஞ்சளாக இருந்தால் வெள்ளை உடம்பில் அழுக்குத் திட்டாகத் தெரியும். மஞ்சளை மட்டும் போக்க, தாளை ஜிப் பையில் போட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரம் விட்டால் வெளுக்கும். படலம் வெடித்திருக்கிறதா என்பது வேறு சோதனை. வேண்டாத ஒரு சின்ன எழுத்தை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டேன். பத்து துண்டாக மிதந்தது. இந்த நிலைக்கு வந்த தாளில், டிகால்களுக்கென்றே விற்கும் திரவப் படலத்தை மேலே பூசிக் காயவைத்தால் சில சமயம் பிழைக்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டியாக வேண்டும். மூக்கின் சிவப்பு வட்டத்தை டிகாலே இல்லாமல் அடித்துவிடலாம். மாஸ்கிங் டேப்பில் வட்ட வெட்டியால் துளை எடுத்து ஒட்டி, முதலில் அதே வெள்ளையை லேசாக ஒரு கை அடித்து ஓரத்தை அடைத்துவிட்டுப் பிறகு சிவப்பு. நேரே சிவப்பை அடித்தால் டேப்புக்கடியில் கசியும், வெள்ளையில் ஒரு துளி கசிந்தாலும் மறையாது. ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் லாக்கர் பெயின்ட் ஸ்பிரே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும். ஜூன், ஜூலைதான் இந்தக் கடற்கரை ஊருக்குச் சரி.

குரோம் பூச்சுப் பாகங்கள் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தன. அதற்கும் மருந்து உண்டு. சமையலறை ஜிக் பிளீச்சில் ஊறப்போட்டால் பூச்சு கழன்றுவிடும், பின் உலோகப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். குரோம் நன்றாக இருந்தாலும் ஒட்டும் இடத்தில் சுரண்டியாக வேண்டும், பூச்சின் மேல் பிளாஸ்டிக் ஒட்டும் சிமெண்ட் பசை பிடிக்காது.

இவ்வளவையும் பழசு என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இனிமேல்தான். குறிப்புத் தாளின் பாகப் படத்தோடு ஒப்பிட்டால் இன்ஜின் தலைப் பாகங்கள் இருக்கும் ஸ்ப்ரூவையே (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) காணோம். அதற்குப் பதில் வேறு ஏதோ காரின் ஸ்ப்ரூ ஒன்றை எடைக்காகப் போட்டிருக்கிறார்கள், பிளாஸ்டிக்கின் நிறமே வேறு. கியர்பாக்ஸின் ஒரு பாதியில் சிமெண்ட் பட்ட கட்டைவிரல் ரேகை, வரி வரியாக உருகிப் பதிந்து நிற்கிறது. “திறந்ததே இல்லை” என்ற பெட்டிக்குள் யாருடைய கட்டைவிரல் போனது? இன்ஜின் தலையே இல்லாத ஆர்ஏ273க்கு 4,800 ரேண்ட்.

இனி அவன் கைகழுவிய வரிசை.

முதலில், “கூரியர்ல அடிபட்டிருக்கும் அண்ணே.” கூரியர்காரன் ஸ்ப்ரூவை மாற்றிவைப்பானா?

அடுத்து, “கம்பெனிக்கு எழுதினா பாகம் அனுப்புவாங்க.” இவ்வளவு பழைய பதிப்புக்கு ஒற்றை ஸ்ப்ரூ யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள் என்பது மாடல் கடை நடத்துகிறவனுக்குத் தெரியாதா?

பிறகு வந்ததுதான் உச்சம்: “இந்த மாதிரி கிட்டெல்லாம் யாரும் பிரிக்க மாட்டாங்க அண்ணே. பிரிக்காம வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை.”

அப்புறம் முதலாளி காவடி விரதத்தில் இருக்கிறார், முடியட்டும் என்றான். முருகனையும் இழுத்துவிட்டான். காவடியும் முடிந்தது. “அக்கவுண்ட்ஸ் பொண்ணு பேசுவா” என்றான், எந்தப் பெண்ணும் பேசவில்லை. நேரில் கவுண்டருக்குப் போனால் நிற்கிற பையன், “ஆன்லைன் ஆர்டர் எங்களோடது இல்லை சார்” என்கிறான். போர்டு ஒன்று, வங்கிக் கணக்கு ஒன்று, ஆனால் ஆர்டர் மட்டும் வேறு! கடைசியில் தமிழும் நின்றது, அண்ணனும் போய்விட்டார். ஆங்கிலத்தில் ஒரு வரி: இன்வாய்ஸில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று போட்டிருக்கிறோம், இருக்கிற நிலையில் விற்றது, பணம் திரும்பாது. அதோடு எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் கிடந்ததை எப்போதோ ஒரு தடவை விற்கிற தனியாளுக்கு அது செல்லும். கடை வைத்துத் தொழிலாக விற்கிறவனை 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு சுலபத்தில் விடாது. பழுதுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்து பணம் கேட்கலாம். ஆன்லைனில் வாங்கியதற்கு 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவும் உண்டு: பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். முதல் புகார் அந்தக் கெடுவுக்குள்தான் எழுத்தில் போயிருக்கிறது, படங்களோடு. வங்கி மட்டும் கைவிரித்துவிட்டது. அட்டையில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம், உடனடி இஎஃப்டி போனால் போனதுதான். இப்போது 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் போகிறது. அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம், 4,800 அதற்குள் அடக்கம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்று பெரிதாக எழுத நினைத்தேன், எரிச்சலில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை:

உள்பைப் படம் தர மறுப்பவனிடம் வாங்காதீர்கள், அவன் எந்த மொழியில் அண்ணே என்றாலும் சரி. ஸ்ப்ரூ ஒவ்வொன்றையும் குறிப்புத் தாளின் பாகப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அன்றைய தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். டயர் எதோடு ஒட்டிக் கிடக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். டிகால் தாளை வெள்ளைத் தாளின் மேல் வைத்த படம் வேண்டும். அட்டையில் மட்டும் கட்டுங்கள். பெட்டியைப் பிரிப்பதை முதல் வெட்டிலிருந்து வீடியோ எடுங்கள்.

இதே கடையில் இப்போது இன்னொரு 1/12 பெட்டி, அதே பளபளப்பு உறையோடு, “ஒரு பெரியவரின் சேகரிப்பு” என்று விற்பனைக்கு ஏறியிருக்கிறது. விலை 5,200 ரேண்ட்.