ரெஸ்க்யூவிலிருந்து ஒரு பைரனீஸ்: காசு நாய்க்கல்ல, ஃபாஸ்டர் வீட்டுக் குறிப்புக்கு

டெக்சாஸில் ஆட்டுப் பண்ணைக்கும் பஞ்சமில்லை, அதற்குக் காவல் நிற்கும் வெள்ளை நாய்க்கும் பஞ்சமில்லை. கிரேட் பைரனீஸ் என்ற இந்த இனம் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள மலையிலிருந்து வந்தது. வளர்ந்த கடுவன் 45 கிலோவுக்குக் குறையாது, பெட்டை 38. பல பண்ணைகளில் கருத்தடை செய்வதில்லை. பெரிய இனம் என்பதால் ஓர் ஈற்றிலேயே 8, 10 குட்டிகள் விழும். அதில் வேலி தாண்டுவதும் கோழியைக் கவ்வுவதும் ரோட்டுக்கு வந்து, கடைசியில் அரசுக் காப்பகத்தில் போய் அடைபடும். அங்கிருந்து எடுத்து, தன்னார்வலர் வீடுகளில் (இவர்களைத்தான் ஃபாஸ்டர் என்பார்கள்) வைத்துத் தேற்றித் தத்துக்கொடுக்கும் ரெஸ்க்யூ அமைப்புகள் அமெரிக்காவில் பல மாநிலங்களில் உண்டு. அவர்களிடம் 8 முதல் 18 மாத வயது நாயை எடுப்பது தேறுமா என்பதுதான் இங்கே கேள்வி.

கட்டணம் பெரும்பாலும் 300 முதல் 500 டாலர் வரை. கருத்தடை, ரேபிஸ் ஊசி, டிஸ்டம்பர், பார்வோ நோய்களுக்கான ஊசி, அடையாள மைக்ரோசிப், இதயப்புழு பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாக மருத்துவரிடம் செய்தால் இதைவிட அதிகம் ஆகும். ஆனால் இந்தச் சேவையின் உண்மையான சரக்கு அதுவல்ல. நாயைச் சில வாரம் வீட்டில் வைத்திருந்தவர் சொல்லும் தகவல்தான். பண்ணைக்காரரிடம் இலவசமாகக் கிடைக்கும் குட்டியோடு அது வராது.

அதனால் கேள்விகளை அமைப்பிடம் கேட்காமல் ஃபாஸ்டரிடமே நேரில் கேளுங்கள். இரவில் வெளியே விட்டால் எவ்வளவு நேரம் குரைக்கிறது? சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறதா? பாதத்தைத் தொட விடுகிறதா? (இந்த இனத்துக்குப் பின்னங்காலின் உட்புறம் இரட்டை நகம் தொங்கும். தரையில் தேயாது, வெட்டாவிட்டால் வளைந்து சதைக்குள் ஏறும். ஆகவே இது சில்லறைக் கேள்வி இல்லை.) கேட்டைத் திறந்தால் பாய்கிறதா? பூனையோடு ஒரே அறையில் இருந்திருக்கிறதா, கூண்டுக்கு வெளியே பார்த்ததோடு சரியா? நாய் அந்த வீட்டுக்கு வந்து 2 வாரம்கூட ஆகவில்லை என்றால் பதில்களைப் பாதி நம்புங்கள். புது இடத்தில் முதலில் எல்லா நாயும் சாதுதான். சுயரூபம் 3 வாரத்துக்கு மேல்தான் தெரியும்.

சறுக்கும் இடம் இதயப்புழு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொசு வழியே பரவும் இந்த நோய் அதிகம். வழக்கமான பரிசோதனை, தொற்று ஏற்பட்டு ஏறக்குறைய 6 மாதம் கழித்துத்தான் காட்டும். 7 மாதக் குட்டிக்கு ‘நெகடிவ்’ என்ற சீட்டைக் கையில் கொடுத்தால் பெரிதாக எதுவும் நிரூபணமாகவில்லை என்றே பொருள். 6 மாதம் கழித்து மறுபரிசோதனை செய்ய வேண்டும். இடையில் தடுப்பு மருந்து ஒரு மாதமும் தவறக்கூடாது. இதைத் தானாக எடுத்துச் சொல்லும் அமைப்புக்குத் தனி மதிப்பெண். புழு உறுதியானால் முதலில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, பிறகு புழுவைக் கொல்லும் ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து 24 மணி நேர இடைவெளியில் இன்னும் 2 ஊசிகள். அந்தக் காலம் முழுக்கவும் அதற்குப் பின் 6 முதல் 8 வாரமும் ஓட்டமே கூடாது. சாகும் புழு நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும். துள்ளும் வயது நாயை மாதக்கணக்கில் வாரில் பிடித்தே வைத்திருக்க வீட்டில் ஆள் உண்டா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த குறை, சீக்கிரக் கருத்தடை. பெரிய இனங்களில் எலும்பு வளர்ந்து முடியுமுன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது. ஆனாலும் அமைப்புகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இன்னொரு ஈற்று காப்பகத்துக்கு வரக்கூடாது என்பது அவர்கள் கவலை. நியாயம்தான். கருத்தடை இன்னும் ஆகவில்லை என்றால், அதே மயக்கத்தில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். இந்த உடல்வாகில் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, ஓங்கரித்தும் வாந்தி வராமல் தவித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வேலி விஷயத்தில் இவர்கள் கறார். குறைந்தது 5 அடி, சிலர் 6 அடி கேட்பார்கள். மண்ணுக்கடியில் புதைத்த கம்பியை நெருங்கினால் கழுத்துப்பட்டை வழியே அதிர்ச்சி தரும் மின்வேலியைப் பலர் ஏற்பதில்லை. பிடிவாதம் என்று தோன்றும், ஆனால் காரணம் உண்டு: அடர்ந்த பிடரி ரோமத்தில் அதிர்ச்சி சரியாக ஏறாது, கயோட்டி என்ற நரி போன்ற காட்டுவிலங்கின் வாசனை பட்டால் அதையும் தாங்கிக்கொண்டு தாண்டிவிடும். நாய் தாண்டுவதைவிட அடியில் நுழைவதே அதிகம். கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள். வேலி ஓரமாக 2 அடி அகலக் கம்பிவலையைத் தரையில் படுக்க வைத்து முளையடியுங்கள். சாதாரணக் காலர் தலைவழியே உருவி வந்துவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள்.

குரைப்பு பற்றி அமைப்புகளின் விளம்பரங்கள் பூசி மெழுகுகின்றன. இரவில் குரைத்து விரட்டுவதுதான் இந்த நாயின் வேலை. பயிற்சியால் குறையும், நிற்காது. பக்கத்து வீட்டுச் சுவர் தொட்டு நிற்கும் டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் வீடு வாங்கியவர்கள் இரவில் உள்ளே படுக்க வைக்கத் தயாராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கோடைச் சூட்டுக்குப் பயந்து ரோமத்தை மழிக்காதீர்கள். வெயிலைத் தடுப்பதும் அந்த இரட்டை ரோமம்தான். வாரம் 2 முறை சீவினால் போதும்.

ஆட்டுக்காவலுக்கே எடுப்பவர்களுக்கு இந்தச் சேவை அரைக்கிணறுதான். இனத்தின் பெயரை வைத்து வேலை தெரியும் என்று நம்பக்கூடாது. 2 வயது வரை இது விளையாட்டுப் பிள்ளை: வெள்ளாட்டின் காதைக் கடிக்கும், செம்மறியின் ரோமத்தைப் பிடுங்கும், கோழியைத் துரத்திக் கொன்றுவிட்டு ஏன் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்கும். முதலில் பட்டிக்குப் பக்கத்தில் தனி அடைப்பு, சில வாரத்துக்குப் பிறகு வாரில் பிடித்தபடி உள்ளே ஒரு சுற்று, அப்புறம்தான் ஆள் பார்வையில் அவிழ்த்து விடுவது. துணைக்கு ஆட்டுக்குட்டிகளை விட வேண்டாம், முட்டித் தள்ளும் பெரிய ஆடுகளை விடுங்கள். மரியாதை தானாக வரும். ஆடுகள் ஈனும் முதல் காலத்தில் நாயைத் தனியே விட வேண்டாம். நஞ்சுக்கொடியைத் தின்னட்டும், பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து நகர்த்தினால் உடனே வெளியே கொண்டுவாருங்கள். கோழிப்பண்ணைக்கு என்றால் இந்த வயதில் எடுக்கவே வேண்டாம்.

பார்க்காமலேயே வேறு மாநிலத்துக்கு வண்டியில் அனுப்பும் முறைக்கு என் மதிப்பெண் குறைவு. மருத்துவச் சான்று இருக்கும். மாசச்சூசெட்ஸ் போன்ற இடங்களில் 48 மணி நேரம் தனிமைப்படுத்தியும் வைப்பார்கள். ஆனால் நாய் உங்களைப் பார்த்தால் என்ன செய்யும் என்பது வண்டியிலிருந்து இறக்கிவிடும்போதுதான் தெரியும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி அநேகமாக எப்போதும் இருக்கும்: வைத்திருக்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்ப வேண்டும். நல்ல விதி. ஆனால் அன்றே வந்து கூட்டிப்போவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு ஃபாஸ்டர் வீடு காலியாகும் வரை நாய் உங்களிடம்தான் இருக்கும். அது வழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.